கீழ்வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன்

சுமதி கண்ணு,

வேலையை விடாதே. மற்றதையெல்லாம் சாவகாசமாக, உன் மாமியாருக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுப் படித்தால் போதும். இந்த ஒரு வரியை மட்டும் நின்றபடியே படித்துவிடு. பேங்கில் கொடுக்கவென்று எழுதி வைத்திருக்கிறாயே ராஜினாமா, அதைக் கொடுக்காதே. மாசக் கடைசியில் கொடுத்துவிட்டு இங்கே வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டுமே என்று ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். போனில் சொல்லலாம்தான். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ எட்டு வார்த்தை குறுக்கே பேசுவாய், பிறகு அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், விஷயம் இருந்த இடத்திலேயே கிடக்கும். எழுதினால் உன்னால் குறுக்கே பேச முடியாது பார், அதுதான் வசதி.

உன் மேல் கோபம் என்று நினைக்காதே. கோபமாக இருந்தது உண்மை. நீ மலை இறங்கிப் போன அன்றைக்கு, "பெத்தவங்களுக்காக வேலையை விடறது தியாகம்னு நெனச்சுக்கிட்டு இருக்கா, பைத்தியக்காரி" என்று பக்கத்து வீட்டு ஜெபமணி டீச்சரிடம் திட்டித் தீர்த்தேன். உன் சம்பளத்தில்தான் அந்த பிளாட் கடன் ஓடுகிறது, உன் பெண் அடுத்த வருஷம் காலேஜ் போகிறாள், உன் மாமியாரும் உன் கையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். இத்தனையையும் போட்டுவிட்டு நீ இங்கே வந்து அப்பாவைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு உனக்கு வயசான காலத்தில் யார் செலவு செய்வார்கள்? உன் பெண் வேலையை விடுவாளா? இப்போது கோபமெல்லாம் போய்விட்டது. இப்போது எனக்கு இருப்பது ஒரே நிம்மதி. அதை உனக்குச் சொல்லாமல் சோறு இறங்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐப்பசி மழையில் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது, ஆஸ்பத்திரிச் செலவை நினைத்துத்தான் நாம் இரண்டு பேரும் நடுங்கினோம். அது பெரிய கஷ்டமாக இல்லை. அப்பா வேலை பார்த்த வெடிமருந்து பேக்டரி கொடுத்த மெடிக்கல் கார்டு அதைப் பார்த்துக்கொண்டது. அந்த பேக்டரி நன்றாக இருக்கட்டும். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டின பிறகு வருகிற செலவுக்கு எந்தக் கார்டும் கிடையாது என்பது நமக்குத் தெரியாமல் போயிற்று. ஒரு மனுஷனைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், குளிக்க வைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போட வேண்டும். இதெல்லாம் வைத்தியக் கணக்கில் வராதாம். நாள் முழுக்க ஓர் ஆள் வேண்டும் என்றால் அது நம் பாடு. எனக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது, முட்டி பிடித்துக்கொள்கிறது, அவரோ ஆறடி ஆள்.

நாம் பார்க்காத வழி இல்லை. கோயமுத்தூர் ஏஜென்சியிலிருந்து ஒரு அட்டெண்டரை அனுப்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்பாவின் பென்ஷனில் பாதிக்கு மேல் அவருக்கே போயிற்று. சரி, போகட்டும் என்றால் அந்த மனுஷன் ராமநாதபுரத்துக்காரர். குன்னூர்க் குளிரில் குல்லாவும் மப்ளருமாக அடுப்படியை விட்டு நகரவில்லை. அப்பாவுக்கு ஒரு ஹாட் வாட்டர் பேக் வைத்தால் அவருக்கு இரண்டு வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் அப்பாவை நான் பார்த்துக்கொண்டேன், அவரையும் நானே பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் "அம்மா, நான் கெளம்புறேன், இந்த ஊருல மனுசன் இருப்பானா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகிறபோது அப்பாவின் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு போனதை உன்னிடம் நான் சொல்லவில்லை. பாவம், அவர் உடம்பு நடுங்கின நடுக்கத்துக்குக் கேட்க மனசு வரவில்லை.

பிறகு நீ சொன்னாய், வீட்டை விற்று கோயமுத்தூரில் அந்த முதியோர் இல்லத்தில் டெபாசிட் கட்டிவிடலாம் என்று. படமெல்லாம் அழகாகத்தான் இருந்தது. நானும் உட்கார்ந்து யோசித்தேன். அங்கே டெபாசிட் ஒரு பக்கம், மாசக் கட்டணம் ஒரு பக்கம், அது வருஷத்துக்கு வருஷம் ஏறும். அப்பா இருக்கிறவரை பென்ஷனில் சமாளிக்கலாம். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் எனக்கு வருவது குடும்பப் பென்ஷன், அது குறைச்சல். அப்போது வீடும் இல்லாமல், கட்டணமும் கட்ட முடியாமல், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் பிளாட்டில் உன் மாமியாரோடு ஒரே ரூமில் படுக்க வேண்டும். அவர் நல்ல மனுஷிதான், ஆனால் அவர் டிவி சத்தம் எனக்கு ஆகாது. விற்கும் முன்னால் ஒருத்தர் போன பிறகு இன்னொருத்தர் கதி என்ன என்று யோசிக்க வேண்டும் சுமதி. இதை நீ உன் வீட்டுக்காரரிடமும் சொல்லி வை, உங்களுக்கும் ஒரு நாள் தேவைப்படும்.

பேங்க் வழியையும் பார்த்தேன். வீட்டின் பேரில் பேங்க் மாசாமாசம் பணம் தரும், சாகிறவரை நாம் இருந்துகொள்ளலாம், பிறகு வீடு பேங்கோடு என்று நீயே சொன்னாய் அல்லவா, அதற்குப் போனேன். மேனேஜர் மரியாதையாக உட்கார வைத்து டீ கொடுத்தார். வீட்டு பிளானைக் கேட்டார். நம் வீட்டுக்கு ஏது பிளான்? மழைக்கு முன்னால் தளம் போட்டாக வேண்டும் என்று உன் அப்பா மேஸ்திரியை விரட்டி விரட்டிக் கட்டினது. ரோட்டு மட்டத்தில் நம் வீடு, சரிவில் கீழ்வீடு, பின்னால் ஒட்டவைத்த சமையல்கட்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருஷத்து போனஸில் வந்தது. "இந்த மலையில எந்த ஊட்டுக்குங்க சாமி பிளான் இருக்குது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதனால்தான் தர முடியவில்லை அம்மா என்றார். டீ நன்றாக இருந்தது.

இத்தனை வழியும் அடைபட்ட பிறகு, நம் காலுக்குக் கீழேயே ஒரு வழி கிடந்திருக்கிறது. கீழ்வீட்டைத்தான் சொல்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் நம் எல்லோருக்குமே ஒரு வியாதி உண்டு. கையில் ஓர் அறை மிச்சமிருந்தால் போதும், "சீசனுக்கு விடலாம்" என்று பூட்டி வைத்துவிடுவோம். மாச வாடகைக்கு விட்டால் சித்திரையில் காலி செய்யச் சொல்ல முடியாது, டூரிஸ்ட் காசு போய்விடும் என்று பயம். அந்த இரண்டு மாசக் காசுக்காக மீதி மாசமெல்லாம் பூஞ்சை குடியிருக்கும். ஜெபமணி டீச்சர் வீட்டு அவுட்ஹவுஸ், எதிர்வீட்டு மாடி, எல்லாம் இதே கதை. போன வருஷம் நமக்கு வந்த டூரிஸ்ட் ஒரே ஒரு குடும்பம். அவர்களும் வெந்நீர் வரவில்லை என்று அடுத்த நாளே லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். அப்படியும் எனக்குப் புத்தி வந்ததா? வரவில்லை. இந்த வருஷமும் சீசனுக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டேன்.

வந்தது பாக்கியமும் அவள் வீட்டுக்காரர் சிவனாண்டியும். வருஷா வருஷம் பங்குனியில் வந்து கீழ்வீட்டைத் தேய்த்துக் கழுவி வெள்ளையடித்துக் கொடுக்கிறவர்கள், நீ பார்த்திருக்கிறாய். கீழ்க் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவள் கொழுந்து பறித்தாள், அவர் டீ பேக்டரியில் இலை வாடப்போடுகிற வேலை. சின்ன வயசில் சிலோனிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர்கள், அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. இந்தத் தடவை பாக்கியம் சுவரைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்: "என்னாங்கம்மா, இந்த வீட்டுல ஒரு காம்பரா எங்களுக்கு வாடகைக்குக் குடுப்பீங்களா? ஒரே ஒரு ரூமு போதும்."

விசாரித்தேன். அவர் முன்பே ரிட்டயர் ஆகிவிட்டார், அவள் இந்த வருஷம். லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீடு வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான். அவள் வேலையில் இருந்தவரை ஒண்டிக்கொண்டார்கள். இப்போது வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் ரிட்டயர் ஆனதற்கு இரண்டு பேருக்கும் சேர வேண்டிய சர்வீஸ் காசையும் கொடுப்போம் என்கிறார்களாம். "சர்வீஸ் காசு கெடச்சாத்தானுங்கம்மா வேற வீடு பாக்க முடியும்? வீடு பாத்தாத்தான் காசுங்குறாங்க. நாங்க எங்குட்டுப் போறது?" என்றாள். ஒரே பையன் திருப்பூரில் பனியன் கம்பெனி ரூமில் நாலு பேரோடு படுத்திருக்கிறான். உழைத்த காசு ஆபீஸில் கிடக்கிறது, ஆயுசில் பாதி இரண்டு பேரும் வெயிலும் பனியும் பார்த்த காசு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீசனுக்கு விடணும் பாக்கியம், பாக்கலாம்" என்றேன். வாய் பழக்கத்தில் சொன்னது. அவளும் சரிங்கம்மா என்று மறுபடி சுரண்டப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பகலில் நல்ல வெயில் அடித்தது. நான் அப்பாவை வெயிலில் உட்கார வைக்கலாம் என்று தூக்கப் பார்த்து, பாதியில் முடியாமல், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில் சிவனாண்டி சுண்ணாம்புக் கையோடு ஓடி வந்தார். வந்தவர் சட்டென்று தூக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அப்பா முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஐயா, வெயிலு நல்லா வந்திருக்கு. வெளிய போவமா?" என்று கேட்டார். அந்த ஏஜென்சிக்காரர் ஒரு நாளாவது கேட்டாரா? நான் கேட்டேனா, நீ கேட்டாயா? நமக்கு அவசரம். அப்பா அவர் கழுத்தில் இடது கையைப் போட்டுக்கொண்டார். வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேக்டரிக் கதை பேசினார்கள். இவருடையது வெடிமருந்து, அவருடையது டீத்தூள். அப்பா குழறினது பாதி எனக்கே புரியவில்லை, அவருக்கு எப்படிப் புரிந்ததோ! அப்பா சிரித்தார் சுமதி. வாதம் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

இதற்குப் பிறகு உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். படித்துவிட்டு அழாதே. நீ இங்கே இருந்த நாட்களில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை, அதைப் பார்த்துத்தான் நீ வேலையை விடுகிறேன் என்றாய். அம்மாவுக்கு ஊட்டத் தெரியவில்லை, நான் இருந்தால் சாப்பிடுவார் என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ போன மறுநாள் அவருக்கு ஊட்டிக்கொண்டே, "சுமதி வந்து கவனிச்சுக்குவா, வேலைய உட்டுட்டு வர்றா" என்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கண்ணில் தண்ணீர். பிறகு மூச்சைக் கூட்டிக் கூட்டி, "புள்ள... கையால... வேண்டா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீதானே அந்த நாட்களில் அவருக்குத் துணி மாற்றினாய். சாப்பிட்டால் மறுபடி நீ மாற்ற வேண்டிவரும் என்று அந்த மனுஷன் பட்டினி கிடந்திருக்கிறார். உன்னைத் தோளில் வைத்து சிம்ஸ் பார்க்கைச் சுற்றினவர். உன் முன்னால் அப்படிக் கிடப்பது அவருக்குத் தாங்கவில்லை. நீ ஒரு தப்பும் செய்யவில்லை கண்ணு. பாசமாகத்தான் செய்தாய். ஆனால் நீ வேலையை விட்டு வந்திருந்தால் அவர் பட்டினியிலேயே போயிருப்பார், நாம் இருவரும் காரணம் தெரியாமல் டாக்டரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அதனால்தான் நான் யாரையும் கேட்காமல் பாக்கியத்தைக் கூப்பிட்டுப் பேசினேன். கீழ்வீடு முழுக்க உங்களுக்கு, வாடகை கிடையாது, கரண்ட் பில் நம்முடையது. சிவனாண்டி அப்பாவைப் பார்த்துக்கொள்வார், பாக்கியம் எனக்கு ஒத்தாசை. அதற்கு மேல் பென்ஷனிலிருந்து மாசாமாசம் கையில் சம்பளம், ஏஜென்சிக்குக் கொடுத்ததைவிடக் குறைச்சல்தான், ஆனால் நடுவில் யாரும் கமிஷன் எடுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு லீவு, அன்றைக்கு ஜெபமணி டீச்சரின் தம்பி சர்ச் முடிந்து வந்து கை கொடுப்பார். பாக்கியம் உட்கார்ந்துவிட்டாள். "நெசமாவாங்கம்மா?" என்று மூன்று தடவை கேட்டாள். அந்த வாரமே லயத்து வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தார்கள். சர்வீஸ் காசு அவர்கள் பாஸ்புக்கில் ஏறிவிட்டது. அதைப் போஸ்ட் ஆபீஸில் போடுங்கள், யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள் என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

உன் சித்தப்பா காதுக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். "ஏனுங் அண்ணி, எஸ்டேட்டுக்காரனே அவங்கள எறக்க முடியாம திண்டாடினான், நீங்க எறக்கிப் போடுவீங்களா? நாளைக்கு ஊடு போச்சுன்னா சுமதிக்கு என்ன பதில் சொல்லுவீங்க?" என்று ஒரே கூச்சல். எனக்கும் அடிவயிற்றில் கொஞ்சம் பயம் இருந்தது, பொய் சொல்வானேன். அவரே ஒரு வக்கீலைக் கூட்டிவந்து பத்திரம் எழுத வைத்தார். வக்கீல் எழுதினதைச் சத்தமாகப் படித்தார். வேலை முடிந்ததும் இவர்கள் உடனே வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. பாக்கியம் சுவரோரம் நின்றிருந்தாள். கோபமாக ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்: "இதேதானுங்க அங்கயும் எழுதியிருந்துச்சு."

எனக்கு முகம் சுட்டுவிட்டது. அந்த எஸ்டேட்டைக் கரித்துக் கொட்டிக்கொண்டு, அதே வரியை நான் பத்திரத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன்! வக்கீலிடம் அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அதற்குப் பதிலாக இப்படி எழுதியிருக்கிறது: அப்பாவுக்குப் பிறகு எனக்காக அவர்கள் இருப்பார்கள். எனக்கும் பிறகு, வேலை இல்லாவிட்டாலும், ஒரு வருஷம் வாடகையில்லாமல் இருந்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டு போவார்கள். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வருஷம் உன் கணக்கில்தான் வரும் சுமதி, வீடு உன்னுடையது ஆகிற நாளில் நீ உடனே விற்க முடியாது. அதனால் பத்திரத்தில் உன் கையெழுத்தும் வேண்டும் என்று எழுத வைத்தேன். சாவியை முன்பே கொடுத்துவிட்டு இப்போது கேட்கிறேன், தெரியும். கோபப்படு, பரவாயில்லை. ஆனால் யோசித்துப் பார். நீ வேலையை விட்டால் வருஷா வருஷம் எவ்வளவு போகும், அதற்கு முன்னால் இந்த ஒரு வருஷ வாடகை ஒரு காசா?

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சிவனாண்டிக்கும் வயசு ஆகிறது, ஒரு நாள் அவருக்கும் முடியாமல் போகும். பாக்கியம் குழம்பில் காரம் அள்ளிப் போடுகிறாள், எனக்கும் அவளுக்கும் தினம் சண்டை. கீழ்வீட்டில் இப்போது அடுப்புப் புகை வருகிறது, பூஞ்சை வாடை போய்விட்டது, பேச்சுச் சத்தம் கேட்கிறது. காலையில் எழுந்திருக்கும்போது இன்றைக்கு அவரை எப்படித் தூக்கப் போகிறேன் என்ற பயம் இல்லாமல் எழுந்திருக்கிறேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொன்னால் புரியாது, புரிகிற வயசு உனக்கு வரவும் வேண்டாம். நன்றாகத் தூங்குகிறேன். உன் அப்பா குறட்டை விட்டால் எழுப்பித் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

நீ போன பிறகு உன் பேரைச் சொன்னாலே அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். உன்னிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. நேற்று சிவனாண்டி அவரைக் குளிக்க வைத்து, சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, வெயிலில் நாற்காலியில் உட்கார வைத்தார். இட்லி சாப்பிட்டார், இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு இடது கையால் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். என்ன வேணுங்க என்று குனிந்தேன். "சுமதிய... வரச் சொல்லு" என்றார்.

வா கண்ணு, சீக்கிரம் வா. பேங்கில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா.

அம்மா